பழைய மோட்டார் சைக்கிளின் ஒயரிங்: ஒட்டுப் போட்டது போதும்

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் காலத்தில் முத்திரை வைக்கிறோம். ஜி.எஸ்.டி. கணக்கைத் தேதி தவறாமல் தாக்கல் செய்கிறோம். ஆனால் விடியற்காலையில் சரக்கு எடுக்கவும், இரவில் வசூலுக்கும் நம்மைச் சுமந்து செல்லும் பழைய மோட்டார் சைக்கிளின் ஒயரிங்கை மட்டும், வண்டி நடுவழியில் நின்றாலொழிய நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. வணிகர்களிடையே உள்ள இந்த அலட்சியம் மாற வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பது தவறல்ல. புல்லட்டும், யெஸ்டியும், ஆர்.எக்ஸ். 100-ம் எஞ்சின் வேலை செய்தால் இன்றும் ஓடக்கூடியவையே. ஆனால் மைசூரில் யெஸ்டி தயாரித்த தொழிற்சாலை மூடப்பட்டதும், ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு நின்றதும் 1996-ஆம் ஆண்டில். எனவே அந்த வண்டிகளில் கடைசியாக வந்தவற்றுக்கே ஏறத்தாழ 30 வயது. இரும்பு தாங்கும், ஒயரின் மேலுறை தாங்காது. நமது வெயிலில் அது காய்ந்து விறைத்து, ஹேண்டில் திரும்பும் இடத்தில் முதலில் வெடிக்கிறது.

கடை வண்டிக்கு வேறு சோதனைகளும் உண்டு. குடோனில் மூட்டைகளுக்கு நடுவே நிறுத்திய வண்டியில் எலி ஒயரைக் கடிக்கும். கேரியரில் ஏற்றிய உப்பு மூட்டையிலிருந்து கசியும் நீர் டெயில் லைட் ஹோல்டரை அரிக்கும். மூட்டையின் பாரமும் கயிறும் பின்பக்க ஒயரை அழுத்தி நசுக்கும். போதாக்குறைக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்து செல்போன் சார்ஜரும், சத்தமான இரட்டை ஹாரனும் மாட்டிக் கொள்கிறோம்.

பிறகு ஒரு நாள் ஹாரன் கம்முகிறது. பேட்டரி போய்விட்டது என்கிறார்கள், மாற்றுகிறோம். ஆறு மாதத்தில் அதுவும் போகிறது. கல்லாவில் தினமும் பணம் குறைந்தால் வீட்டிலிருந்து பணம் கொண்டுவந்து போட்டு ஈடுகட்டும் வியாபாரி உண்டா? எங்கே போகிறது என்றுதானே பார்ப்போம்? பேட்டரியும் ஒரு கல்லாதான். வரவு, செலவு, கசிவு மூன்றையும் பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

இவற்றைப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் வரவில் குறை. மேக்னட் காயில், ரெக்டிபையர், இடையிலுள்ள இணைப்புகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரி கொதித்தே வீணாகும்.

கசிவைக் காண, சாவியை அணைத்துவிட்டு பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையே ஒரு டெயில் லைட் பல்பை இணையுங்கள். பல்பு எரிந்தால் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது. ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி வாருங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் குற்றம்.

அடுத்தது எர்த். ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மங்குவதும், இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிப்பதும் பெரும்பாலும் எர்த் கோளாறே. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தவுடன் விளக்கு மங்குவது இதனால்தான். எர்த் போல்ட்டின் அடியிலுள்ள பெயிண்டையும் துருவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் போதும். ஹெட்லைட்டை எரியவிட்டு, பேட்டரி நெகடிவ் முனைக்கும் பிரேமுக்கும் இடையே மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

6 வோல்ட் வண்டி வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். ஆகவே துருப்பிடித்த ஓர் இணைப்பு அங்கே இரட்டிப்பாக வோல்ட்டை விழுங்கும். "பழைய வண்டி, வெளிச்சம் இவ்வளவுதான்" என்று நாம் பழகிப் போனதற்கு, பல நேரங்களில் வண்டியின் வயது காரணமல்ல, அந்தத் துருவே காரணம்.

எல்லாவற்றிலும் மோசமானது பியூஸ் விஷயம். பியூஸ் போனால் சிகரெட் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி வைப்பது நம்மிடையே சர்வசாதாரணம். ஷார்ட் ஆகும்போது பியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும். ஒயருக்கு மேலே இருப்பது பெட்ரோல் டேங்க். வண்டி நிற்கும் குடோனில் எண்ணெய் டின்னும் சாக்கும் அட்டைப்பெட்டியும் இருக்கின்றன. சில ரூபாய் பெறும் பியூஸுக்குப் பதிலாக எதைப் பணயம் வைக்கிறோம் என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

சாலையில் உள்ள ஆபத்து அதைவிடப் பெரிது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கும் லீ பஜாருக்கும் இருட்டோடு புறப்படும் வியாபாரி, லாரிகள் விரையும் நான்குவழிச் சாலையில்தான் போகிறார். பின்னால் வரும் லாரி டிரைவருக்கு நம்மைக் காட்டுவது 5 வாட் டெயில் லைட் ஒன்றுதான். மூட்டையின் பின்னால் அது அணைந்திருப்பது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 15 ஆண்டுகளுக்குப் பின் பதிவைப் புதுப்பிக்கவும், அதன்பின் 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கவும் வண்டியைக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நாளுக்காக மட்டும் விளக்கை எரியவைப்பது நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வதாகும்.

"நல்ல எலக்ட்ரீஷியன் கிடைப்பதில்லை" என்று சிலர் சொல்லலாம். லாரி பாடி கட்டுவதில் பெயர் பெற்ற நாமக்கல்லில் இப்படிச் சொல்வது பொருந்தாது. இங்கே புது லாரிக்கு ஒயரிங் செய்பவர் நிறம் பிரித்து, ஸ்லீவ் போட்டு, பியூஸ் பெட்டி வைத்து ஒழுங்காகச் செய்கிறார். லாரிக்காரர் கேட்கிறார், அதனால் செய்கிறார். நாமோ "இப்போதைக்கு எரிந்தால் போதும்" என்கிறோம். முறுக்கி டேப் சுற்றித் தருகிறார். கோடையில் டேப்பின் பசை இளகி அவிழ்ந்துவிடுகிறது. கேட்கிற தரம்தான் கிடைக்கும் என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே, மூன்று நான்கு இடங்களுக்கு மேல் ஒட்டுப் போட்ட ஒயரிங் என்றால் முழுவதையும் மாற்றிவிடுவதே சிக்கனம். புது ஒயரிங் செட் போடும்போது பழைய நிறங்களையே கேளுங்கள். இணைப்புகளை ஈயம் வைத்தோ, முனை அழுத்தியோ செய்யச் சொல்லுங்கள். சைலன்சரைத் தொடாமலும், ஹேண்டில் முழுதாகத் திரும்பினாலும் இழுபடாமலும் கட்டச் சொல்லுங்கள். பெரிய ஹாரனுக்கு ரிலே வையுங்கள். சார்ஜருக்குத் தனி பியூஸ் வையுங்கள். பேட்டரி இல்லாமல் மேக்னட்டிலிருந்தே விளக்கு எரியும் சிறு வண்டிகளில் குறித்த வாட் பல்பையே போடுங்கள். இல்லாவிட்டால் ஹெட்லைட் பல்பு போன கையோடு டெயில் லைட் பல்பும் போகும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை, கடை விடுமுறை நாளில், நல்ல எலக்ட்ரீஷியன்கள் இருவரை வரவழைத்து உறுப்பினர்களின் வண்டிகளைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். விளக்கு, ஹாரன், எர்த், பியூஸ், சார்ஜ் ஆகிய ஐந்தையும் பார்க்க வண்டிக்குக் கால் மணி நேரம் போதும். குறையுள்ள வண்டியை அவரவர் செலவில் சரிசெய்து கொள்ளட்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு கடை அடைத்ததும் வண்டியின் பின்னால் போய் நின்று, டெயில் லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் புறப்படுங்கள்.