சரிவுப் பூச்சாண்டி

கேமரன் மலையில் தேயிலை விளைவது சரிவான நிலத்திலேயாகும். 1929ஆம் ஆண்டில் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலமுதற்கொண்டு, சமதரையில் நடந்து பழகியவன் நிற்கவும் அஞ்சும் அந்த மேட்டுப் பள்ளங்களிலே நம் பெண்மக்கள் முதுகிற் கூடையைச் சுமந்து கொழுந்து கிள்ளி வந்தார்கள். பகலெல்லாம் சரிவில் நின்ற அவர்கள் மாலையிலே பள்ளத்தில் உருண்டு கிடக்கவில்லை; லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டினார்கள். ஒவ்வோர் அடியும் பார்த்து வைத்த அடி. இடையிலே செடியின் வேர்ப்பிடிப்பு உண்டு, வடிகால் உண்டு, நிற்க இடம் உண்டு. சரிவு வேறு, சறுக்கல் வேறு என்பதை அறிய அவர்களுக்குத் தர்க்க சாஸ்திரம் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நியாயம் பேச வருகிற பெரிய மனிதர்கள் பலருக்கு இவ்வளவு எளிய விஷயம் விளங்குவதில்லை. அல்லது விளங்காதவர்போல் நடிக்கிறார்கள். ஏழை ஒருவன் சிறு உரிமையொன்றைக் கேட்டால், அந்த உரிமை நியாயமா அன்றா என்பதைப்பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. இன்று இதைக் கொடுத்தால் நாளைக்கு அதைக் கேட்பான், மறுநாள் இன்னொன்றைக் கேட்பான், முடிவிலே தோட்டமும் போய்விடும், தருமமும் போய்விடும், ஊரும் பாழாய்விடும் என்று ஒரே மூச்சிலே மலையுச்சியிலிருந்து பாதாளம்வரை நம்மை உருட்டிவிட்டு, ஆகையால் முதற்கேள்வியே கூடாது என்று முடிக்கிறார்கள். கேட்டவன் கேட்டது ஒன்று. அவனுக்கு மறுமொழி சொல்லப்படுவதோ அவன் கேளாத பத்துக்கு. இதற்குச் சரிவு நியாயம் என்று நாம் பெயரிடுவோம். நியாயம் என்ற சொல்லை இதற்கு இரவல் கொடுப்பதே அதிகம்.

தேயிலை மலைக்கு வந்தவர்களும் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்களும் ஒரே கடலைக் கடந்து ஒரே துரைத்தனத்தின்கீழ் வாழ்ந்தவர்களாதலால், மலையைவிட்டுச் சற்றே கீழிறங்கிக் கிள்ளானுக்கு வருமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 1941ஆம் ஆண்டில் அங்கே தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, வைத்திய வசதி இருந்தது, கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் இருந்தது. இவற்றினிடையே இன்னொன்றும் இருந்தது: துரைமாரும் தோட்ட உத்தியோகஸ்தர்களும் எதிர்ப்படும்போது சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லவேண்டும் என்பது. தன் காசில் வாங்கிய சைக்கிளின்மேல் ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பதற்கு வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்த காலம் அது! இதற்குக் கிடைத்த விடை என்ன? தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், சிலாங்கூரில் பட்டாளம் வந்தது, துப்பாக்கி சுட்டது, தொழிலாளிகள் செத்தார்கள்.

சைக்கிளில் உட்கார்ந்திருப்பவனைச் சுடவேண்டுமென்று எந்த மூடனும் நினைக்கமாட்டான். இன்று சைக்கிள், நாளைச் சங்கம், நாளை மறுநாள் நாட்டில் பங்கு என்று நினைப்பவனே சுடுவான். இதிலே ஒரு வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். அந்த அச்சம் பலித்துவிட்டது! சைக்கிளைவிட்டு இறங்காதவன் பின்னர்ச் சங்கம் அமைத்தான். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1957இல் நாடு சுதந்திரமடைந்தது. கூலிக்காரனின் மகன் வாக்குச்சீட்டைக் கையில் எடுத்தான். துரைமார் கண்ட சரிவு மெய்யான சரிவே. ஆனால் அதன் அடியில் பாதாளம் இருந்ததா? மனிதன் மனிதனாக நிற்கும் சமதரை அல்லவா இருந்தது! ஆகவே இவ்வாதத்தை எடுத்து வருகிறவர்களிடம், நீங்கள் சொல்லும் நாளைய தினம் வந்தால்தான் என்ன கெட்டுவிடும் என்று முதலிலே கேட்டுவிட வேண்டும். பாதிப் பேர் அந்த இடத்திலேயே விழிப்பார்கள்.

1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் வைத்தியநாதய்யருடன் நுழைந்தபோதும் இதே கூக்குரல்தான். தெய்வம் ஓடிவிடும் என்றார்கள், தருமம் அழிந்துவிடும் என்றார்கள். கோயில் அங்கேயே இருக்கிறது. மீனாட்சியும் அங்கேயே இருக்கிறாள்.

நிற்க, கூலி விஷயத்துக்கு வருவோம். 1920களின் பிற்பகுதியில், எளிதில் எட்டாத பகாங் உட்பகுதிகளுக்கென்று நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 58 காசு, பெண்ணுக்கு 46 காசு. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தவுடன் மலாயாத் தோட்டங்களிலே கூலி வெட்டப்பட்டது. அப்போது இந்தச் சரிவு நியாயம் எங்கே போயிற்று? இன்று பத்துக் காசைக் குறைத்தால் நாளை இருபது காசைக் குறைக்க மனம் வரும், அதன்பின் பட்டினி, அதன்பின் சாவு என்று நடுங்கிய முதலாளி எவரையும் நாம் கேள்விப்பட்டதில்லை. கூலி ஏறும்போது மாத்திரம் சறுக்குகிற மலை, கூலி இறங்கும்போது சமதரையாகிவிடுகிறது!

2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 ரிங்கிட் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும், தொழில் படுத்துவிடும், விலைவாசி வானத்தை முட்டும் என்று எத்தனை ஓலங்கள்! 2022இல் அது 1,500 ஆயிற்று. 2025 பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. கேமரன் மலையில் தேயிலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்தபடி தேநீர் அருந்த வருகிற மோட்டார் வண்டிகள் தானா ராத்தா சாலையிலே வரிசையாக நிற்கின்றன. சம்பளம் ஏறினால் எந்தக் கஷ்டமும் வராது என்று நாம் சொல்லவில்லை. இவ்வளவு ஏறினால் இன்ன செலவு கூடும், இன்ன விலை ஏறும் என்று கணக்கைக் காட்டுகிறவரோடு உட்கார்ந்து பேச நாம் சித்தமாயிருக்கிறோம். கணக்குக் காட்டாமல் பள்ளத்தை மட்டும் காட்டுகிறவர்களோடு பேசுவதற்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் சரிவே உலகத்தில் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். உண்டு. எங்கே உண்டோ அங்கே இப்பெரியோர்கள் அதைக் காண்பதில்லை என்பதே நமது வழக்கு. 1948இல் அவசரகாலச் சட்டங்கள் வந்தன, காட்டிலே ஆயுதமேந்தியவர்களுக்காக என்று. 1949 மே 4ஆம் தேதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி அச்சட்டத்தின்கீழ் தூக்கிலிடப்பட்டார். 1960இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் கம்யூனிஸ்டுகளுக்காக என்றே உறுதி கூறப்பட்டது. 1987இல் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதன்கீழ் பிடிக்கப்பட்டார்கள். அவர்களுள் அரசியல்வாதிகளும் சமூக ஊழியர்களும் இருந்தார்கள். 2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் விசாரணையின்றிக் கமுந்திங்குக்கு அனுப்பப்பட்டார்கள். 2012இல்தான் அச்சட்டம் நீங்கியது. இதுவன்றோ சறுக்கல்! இது ஏன் சறுக்கிற்று? அமைச்சரின் கையெழுத்துக்கும் சிறையின் கதவுக்கும் இடையிலே தடுத்து நிறுத்த ஒன்றும் வைக்கப்படவில்லை. இரண்டாண்டுக் காவல் முடிந்தால் அதே பேனா மீண்டும் எழுதலாம். 1989இல் செய்த திருத்தம் நீதிமன்றத்தின் கையையும் கட்டிவிட்டது. வடிகாலும் இல்லை, வேரும் இல்லை, நிற்க இடமும் இல்லை. அன்று எச்சரித்தவர்கள் வெறும் பயத்தைக் காட்டவில்லை. சட்டத்தில் எந்த இடத்திலே பிடிப்பு இல்லை என்று விரல் வைத்துக் காட்டினார்கள்.

மெய்யான மண்சரிவையும் நமது மலை கண்டிருக்கிறது. தற்காலிக உரிமத்தின் பேரிலும் அதுவும் இல்லாமலும், இந்த மூலைதானே, இந்த ஓர் ஏக்கர்தானே என்று காடு வெட்டப்பட்டது. மண் ஆற்றில் இறங்கி ரிங்லெட் ஏரியிலே படிந்தது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கிலே வீடுகள் மூழ்கி உயிர்கள் மாண்டன. முதல் ஏக்கரை வெட்டிய அன்று, இன்று இது நாளை அது என்று எந்தக் கனவானும் ஊளையிட்டதாக நமக்குத் தெரியவில்லை.

இனி நம்மவரிடமே கேட்கவேண்டியது ஒன்று உண்டு. இன்று அந்தத் தேயிலைச் சரிவுகளில் வேலை செய்வோரிற் பெரும்பாலோர் தமிழர் அல்லர். வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். லயத்திலே பிறந்து இன்று நகரத்தில் கடையும் காண்ட்ராக்டும் வைத்திருக்கிற நம்மவர் சிலர், இவர்களிடம் வேலை வாங்கும்போது கடப்பிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார்கள். ஏன் என்றால், கையில் கொடுத்தால் ஓடிவிடுவான், ஒருவன் ஓடினால் பத்துப் பேர் ஓடுவார்கள், பிறகு தொழிலே நடக்காது என்கிறார்கள். நம் பாட்டனைச் சைக்கிளிலிருந்து இறக்கிய வாதம் எவ்வளவு அச்சாகப் பேரன் வாயில் வருகிறது பாருங்கள்! பிறருடைய கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பதை 1966ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அவன் ஏன் ஓட நினைக்கிறான் என்ற கேள்விக்கு அந்தப் பெட்டிக்குள்ளே விடை இல்லை. சம்பளப் புத்தகத்திலும் அவன் படுக்கும் அறையிலும் இருக்கிறது. நம்மவர் அவற்றைத் திறந்து காட்டட்டும், பிறகு சரிவைப்பற்றிப் பேசலாம்.