கறுப்பு வில்லையும் இரண்டு பட்டியல்களும்

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் தங்கை ஒருத்தி எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்பு வில்லை. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் அது துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. "லாந்தனம், ஸ்ட்ரான்சியம், மாங்கனீசு, ஆக்சிஜன். நானே அரைச்சு, நானே சுட்டேன் அக்கா. ஸ்ட்ரான்சியம் போடலைன்னா ஒட்டாது" என்றாள். பிறகு கேட்டாள்: "இதே வேலையில பிஎச்.டி. பண்ண பெங்களூருல ஒரு இடம் இருக்கு. அங்க நமக்கு ரிசர்வேஷன் உண்டா?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. சாதிச் சான்றிதழ், விடுதி, உதவித்தொகை என்று எது கேட்டாலும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வோம். ஆய்வகக் கதவைப் பற்றிக் கேட்டதும் வாயடைத்துப் போனோம். அன்றிரவு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த வில்லை. அதன் அமைப்புக்குப் பெயர் பெரோவ்ஸ்கைட். 1839இல் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு வைத்த பெயர், பிறகு அதே அமைப்புள்ள எல்லாப் பொருள்களுக்கும் ஆகிவந்தது. பெரிய அணு ஒன்று, சிறிய அணு ஒன்று, ஆக்சிஜன் மூன்று. இந்தக் கட்டடத்தில் ஓர் அணுவை எடுத்துவிட்டு வேறோர் அணுவைக் குடிவைக்கலாம். லாந்தனமும் மாங்கனீசும் மட்டும் இருக்கும்போது அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. லாந்தனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்சியம் சேர்த்தால், அறை வெப்பநிலையிலேயே காந்தமாகிறது, உலோகம்போல மின்சாரத்தையும் கடத்துகிறது. ஹாலந்து நாட்டு ஆய்வாளர்கள் 1950இல் இந்தக் காந்தக் குணத்தை எழுதினார்கள். 1990களில் இந்தக் குடும்பத்துப் பொருள்கள் மறுபடி உலகத்தின் கவனத்துக்கு வந்தன. காந்தப் புலத்தில் வைத்தால் இவற்றின் மின்தடை சரசரவென்று இறங்கியதுதான் காரணம். சில மென்படலங்களில் அது ஆயிரம் மடங்குக்கும் மேல் மாறியது.

அந்த ஆய்வில் முன்வரிசையில் நின்றவர்களில் ஒருவர் பெங்களூருவின் திண்மநிலை வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1958இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்.சி.) ஆசிரியரானார். 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்குப் போனார். 1976இல் திரும்பி வந்து ஐ.ஐ.எஸ்.சி.யில் திண்மநிலை வேதியியலுக்குத் தனிப் பிரிவை உருவாக்கினார். 1989இல் அதே ஊரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 2014இல் பாரத ரத்னா பெற்றார். அவர் வேலையைக் குறைத்துச் சொல்ல நமக்கு எந்தத் தேவையும் இல்லை. வசதி குறைந்த ஒரு நாட்டில் இந்தத் துறையைக் கட்டி எழுப்பியவர் அவர்.

ஆனால் இந்தத் துறையின் அன்றாட வேலை என்ன என்று பாருங்கள். ஆக்சைடு பொடிகளை எடை பார்த்து எடுப்பது, கல்வத்தில் மணிக்கணக்கில் அரைப்பது, வில்லையாக அழுத்தி ஆயிரம் டிகிரிக்கு மேல் உலையில் சுடுவது, ஆறியதும் உடைத்து மறுபடி அரைத்து மறுபடி சுடுவது. கையும் நெருப்பும் பொறுமையும்தான் இதன் அஸ்திவாரம். சுண்ணாம்பு சுட்டவர்கள், செங்கல் சூளையில் வெந்தவர்கள், தோலைப் பதப்படுத்தியவர்கள் யார்? நம் பாட்டன் பாட்டிகள். பொருள் எந்தச் சூட்டில் எப்படி மாறும் என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவுக்கு இந்தச் சமூகம் வைத்த பெயர் இழிதொழில்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. வங்காளத்து வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ரே, இந்திய வேதியியலின் வரலாற்றை எழுதும்போது (முதல் தொகுதி 1902இல் வெளிவந்தது) கைத்தொழிலைக் கீழ்ச்சாதியின் தலையில் கட்டிவிட்டு அறிவாளிகள் ஒதுங்கிக்கொண்டதுதான் இங்கே அறிவியல் மனப்பான்மை தேய்ந்ததற்குக் காரணம் என்று வாதிட்டார். சாதி நம்மை ஏமாற்றியது, கூடவே அறிவியலையும் நொண்டியாக்கியது. ஒரு வேதியியலாளரே கொடுத்த வாக்குமூலம் இது.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருவோம். மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் 2006இல் வந்தது. பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. ஆசிரியர் பணிக்கான சட்டம் 2019இல் வந்தது. இரண்டு சட்டங்களிலும் 4ஆம் பிரிவைப் படியுங்கள். உயர்தனிச் சிறப்பு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், தேசிய முக்கியத்துவம் கொண்ட நிறுவனங்கள் என்று சொல்லி, கடைசியில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவற்றுக்குச் சட்டம் செல்லாது. மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், சென்னை கணித அறிவியல் நிறுவனம் எல்லாம் அதில் உண்டு. ராவ் தொடங்கிய ஜவஹர்லால் நேரு மையமும் உண்டு.

ஒரு பட்டியல் நமக்கு உரிமை தருகிறது. இன்னொரு பட்டியல் அந்த உரிமையை வாசலிலேயே நிறுத்துகிறது. விலக்கு பெற்ற நிறுவனம் தானாக மனமிரங்கி இடம் கொடுக்கலாம். ஆனால் இந்தச் சட்டங்களைக் காட்டி நாம் அங்கே இடம் கேட்க முடியாது. கருணையாகக் கிடைப்பதற்கும் உரிமையாகக் கிடைப்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"ஆராய்ச்சிக்குத் தகுதி வேண்டாமா?" என்று உடனே கேட்பார்கள். வேண்டும். அதே பெங்களூருவில் இருக்கும் ஐ.ஐ.எஸ்.சி. இந்த விலக்குப் பட்டியலில் இல்லை. அங்கே சட்டம் செல்லும். அங்கேயும் திண்மநிலை வேதியியல் நடக்கிறது, அங்கேயும் பெரோவ்ஸ்கைட் சுடுகிறார்கள். இரண்டு இடத்திலும் துறையைத் தொடங்கியவர் ஒரே மனிதர். ஒரு வளாகத்தில் இடஒதுக்கீட்டோடு வாழ முடிகிற வேதியியல், அதே ஊரின் இன்னொரு வளாகத்தில் ஏன் வாழ முடியாது? விலக்குக்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தகுதி கருவிலேயே வருவதும் இல்லை. உலையில் கை வைக்கும் வாய்ப்பு, தவறு செய்தாலும் மறுபடி செய்யச் சொல்லும் வழிகாட்டி, ஐந்தாறு ஆண்டு பசியில்லாத வாழ்க்கை, இவை கிடைத்த இடத்தில்தான் அது உருவாகிறது. கதவுக்கு உள்ளே உருவாகிற ஒன்றை வாசலிலேயே காட்டு என்று கேட்பது மோசடி.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "வேற்று அணு வந்தால்தானே படிகம் காந்தமாகிறது, அதுபோலச் சமூகமும்" என்று மேடையில் பேச ஆசை வரும். வேண்டாம், தோழர்களே. நாம் சமமானவர்கள் என்பதற்கு ஸ்ட்ரான்சியத்தின் சாட்சி தேவையில்லை. இயற்கையைக் காட்டிச் சமூகத்தை நியாயப்படுத்தும் பழக்கத்தால் அதிகம் அடிபட்டவர்கள் நாம்தான். பெரோவ்ஸ்கைட்டை உவமையாகப் படிக்காதீர்கள், வேதியியலாகப் படியுங்கள். இதன் இன்னொரு கிளையில் 2009இல் ஜப்பானில் 3.8 விழுக்காடு திறனில் தொடங்கிய சூரிய மின்கலம் இன்று 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. நாளைய மின்சாரத்தை யார் தயாரிப்பது, யார் அதன் பலகையைத் துடைப்பது என்பது இன்று ஆய்வகத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

குற்றம் நம் பக்கமும் உண்டு. சட்டமும் சமூகப்பணியும் சமூகவியலும் படிக்கச் சொல்லியே நம் பிள்ளைகளை வளர்த்தோம். நாங்களும் அப்படிப் படித்தவர்கள்தான். அறிவியல் நமக்கான போராட்டக் களம் இல்லை என்று நாமே முடிவுகட்டிவிட்டோம். அதனால்தான் 2006இல் போட்ட பட்டியல் 2019இலும் திரும்பி வந்தபோது நம் தெருக்களில் சத்தம் எழவில்லை.

இந்தப் பட்டியலை மாற்ற நாடாளுமன்றம் கூடி விவாதிக்க வேண்டியதும் இல்லை. மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலமே திருத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் மாணவர் அமைப்பின் அடுத்த கோரிக்கை மனுவில் 4ஆம் பிரிவைச் சேருங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்திடமும் எத்தனை பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் கல்லூரியில் எம்.எஸ்சி. அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தங்கையிடம் உண்மையைச் சொன்னோம். "சட்டப்படி உனக்கு அங்கே இடம் இல்லைம்மா. ஐ.ஐ.எஸ்.சி.யில் உண்டு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு வில்லையை டப்பாவில் போட்டு மூடினாள். "ரெண்டுக்கும் போடுறேன் அக்கா. நீங்க அந்தப் பட்டியலைப் பாருங்க" என்றாள்.

வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். அவள் பங்கை அவள் செய்வாள். நம் பங்கு பாக்கி இருக்கிறது.