சான்று முழுமையாகும்வரை பிள்ளைகள் பொறுக்க வேண்டுமா?

வயலில் மருந்து அடித்துவிட்டு வருபவரின் கைலியிலும் சட்டையிலும் ஒட்டிய நஞ்சு, அவரோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதே உடுப்போடு பிள்ளையைத் தூக்குகிறார்; வயிற்றுப்பிள்ளைக்காரியான மனைவி அந்தத் துணியை வெறுங்கையால் அலசுகிறார். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடித்துவைக்கும் வீடுகளும் உண்டு. பூச்சிக்கொல்லியால் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருமா என்ற கேள்வி இந்த வீடுகளைப் பற்றியது.

ஐயத்துக்கு வலுவான காரணங்கள் உள்ளன. சிறுவயதில் பூச்சிக்கொல்லிக்கு ஆளாவதற்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதைச் சான்றுகள் காட்டுவதாக அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012இல் அறிவித்தது. வீட்டுக்குள் தெளிக்கப்பட்ட பூச்சிக்கொல்லிக்கு ஆளான குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் அபாயம் 47% கூடுதல் என்று 2015இல் வெளியான தொகுப்பாய்வு கணித்தது. அதே ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மாலத்தியான், டயசினான், கிளைபோசேட் மூன்றையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் எனப் பெரிதும் கருதப்படுபவற்றின் வரிசையில் சேர்த்தது.

குழந்தைப் புற்றுநோய் அரிதானது. இந்த ஆய்வுகள் தொடர்பைத்தான் காட்டுகின்றன, காரணத்தை அறுதியிடவில்லை என்கிறார்கள் மறுப்போர். அது உண்மைதான். ஆனால், இதே வாதம் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு சாட்சி. அங்கே முந்திரித் தோட்டங்களின் மீது 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது. உடற்குறையோடு பிள்ளைகள் பிறப்பதை ஊரார் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பிறகு, 2011இல்தான் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடாகத் தலா 5 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2017இல் உத்தரவிட்டது. போன உடல்நலத்தை எந்த இழப்பீடும் மீட்டுத் தராது.

அதன் பிறகும் பாடம் கற்கவில்லை. மாலத்தியான், 2,4-டி உள்ளிட்ட 27 மருந்துகளைத் தடைசெய்ய 2020இல் மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. 2023இல் அவற்றுள் மூன்றுக்கு மட்டுமே முழுத் தடை வந்தது. மோனோகுரோட்டோபாஸின் ஒரு வகைக்கும் தடை விதிக்கப்பட்டது. மற்றவற்றுள் சிலவற்றைக் குறிப்பிட்ட பயிர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றதோடு சரி. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமோ மாநிலங்களின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. தற்கொலைகளைத் தடுக்க ஆறு மருந்துகளின் விற்பனையை நிறுத்தியபோது தமிழக அரசால் 60 நாள் தடைதான் விதிக்க முடிந்தது.

தடை வந்தால் விளைச்சல் குறையும் என்ற விவசாயியின் அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. மாற்று வழியையும் அதற்கான மானியத்தையும் தருவது அரசின் பொறுப்பு. கையுறையும் முகக்கவசமும் வாங்க வழியில்லாத கூலித் தொழிலாளியிடம் ‘பாதுகாப்பாகத் தெளியுங்கள்’ என்று லேபிளில் அச்சிட்டுவிட்டு ஒதுங்குவது கைகழுவும் வேலை.

மிச்சமுள்ள மருந்துகள் மீது மத்திய அரசு காலக்கெடு வைத்து முடிவெடுக்க வேண்டும். நிரந்தரத் தடை விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தர வேண்டும். பள்ளி, அங்கன்வாடிகளை ஒட்டிய வயல்களில் பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் மருந்து அடிப்பதை இப்போதே நிறுத்த வேண்டும். ஐயத்தின் பலன் நஞ்சுக்கு அல்ல, குழந்தைக்கே சேர வேண்டும்.