விசை மணிக்கட்டில் இல்லை!

பம்பரம் விட்டிருப்பீர்கள். வேகமாகச் சுழலும்வரை ஆணி முனையில் நிமிர்ந்து நிற்கும் பம்பரம், சுழற்சி குறைந்ததும் தலையாட்டத் தொடங்கி, கடைசியில் சாய்ந்து விழுகிறது அல்லவா? காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் தட்டும் ஒரு பம்பரம்தான். இந்தத் தட்டை வைத்தே ஒரு விளையாட்டு உண்டு. அதன் பெயர் டிஸ்க் கோல்ஃப்.

கோல்ஃப் பந்துக்குப் பதில் தட்டு; குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எண்ணிக்கையில் எறிந்து தட்டைக் கூடையில் சேர்ப்பவரே வெற்றி பெறுவார். 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓக் குரோவ் பூங்காவில், எட் ஹெட்ரிக் என்பவர் இதற்கு முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார்.

இதைக் கற்க வருபவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "மணிக்கட்டை வெடுக்கென்று சுண்டு!" தொலைதூர எறிதலுக்கு இது தவறான அறிவுரை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். சரியா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள்.

முதலில் ஒரு சிறு சோதனை. முஷ்டியை இறுக்கி, முன்கைத் தசைகளையும் விறைப்பாக்கி, மணிக்கட்டை வேகமாக ஆட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு ஆட்டுங்கள். எது விரைவாக ஆடுகிறது? தளர்ந்த கைதான். விறைத்த தசைகள் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால் மூட்டு சிக்கிக்கொள்கிறது. சுண்ட வேண்டும் என்று முயலும்போதே நாம் மணிக்கட்டைப் பூட்டிவிடுகிறோம்!

அப்படியானால் வேகம் எங்கிருந்து வருகிறது? சாட்டையை நினைத்துப் பாருங்கள். அதன் பிடி மெதுவாகத்தான் அசைகிறது. ஆனால் அந்த அசைவு கனமான அடிப்பகுதியிலிருந்து மெல்லிய நுனிக்குச் செல்லச் செல்ல, வேகம் கூடுகிறது. நுனி ஒலியைவிட வேகமாகப் பாய்வதால்தான் 'படீர்' என்று சத்தம் கேட்கிறது. நம் உடலும் அப்படியே. கால்கள் தரையை உந்துகின்றன, இடுப்பு திரும்புகிறது, தோள் தொடர்கிறது, மடங்கிய முழங்கை மார்புக்கு முன்னே வந்தபின் முன்கை விரிகிறது. மணிக்கட்டின் முறை கடைசியில்தான் வருகிறது.

அப்போதும் அதை நாம் சுண்ட வேண்டியதில்லை. தட்டின் பெரும்பகுதி கைக்கு வெளியே இருக்கிறது. முன்கை விரிந்து வேகம் தணியும் கணத்தில், தட்டு தன் உந்தத்தால் வெளிப்புறம் வீசப்பட்டு, மணிக்கட்டைத் தானே திறந்துவிடுகிறது. விரல்கள் அதுவரை விளிம்பை உறுதியாகப் பற்றியிருந்தால், தட்டு விரல்களைச் சுற்றித் திரும்பி விடுபட்டு, நல்ல சுழற்சி பெறும். பிடி உறுதி, மணிக்கட்டு தளர்வு: இரண்டும் வேறு வேறு என்பதைப் பழகுவதுதான் கடினம்.

சுழற்சி ஏன் முக்கியம்? காற்று தட்டைத் தாங்கும் விசை, சரியாக அதன் நடுவில் செயல்படுவதில்லை. ஆகவே அது தட்டைக் கவிழ்க்கப் பார்க்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் தட்டும் கவிழாமல் பறக்கிறது. சுழற்சி போதாத தட்டு தள்ளாடி விரைவில் விழுந்துவிடும்.

மணிக்கட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கைப்பிடி உள்ள ஜக்கிலிருந்து நீர் ஊற்றுவதுபோல் அதைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால், தட்டின் முன்விளிம்பு தூக்காது. முன்விளிம்பு தூக்கிய தட்டு மேலே ஏறி, வேகம் இழந்து, பக்கவாட்டில் சரிந்துவிடும்.

"மணிக்கட்டைச் சுண்டியே எறிகிறவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. கூடைக்கு அருகிலிருந்து எறியும்போதும், உள்ளங்கையை முன்னே காட்டி எறியும் முறையிலும் மணிக்கட்டுக்குப் பங்கு அதிகம். ஆனால் தொலைதூரத்துக்கு அது போதாது. 2016-ஆம் ஆண்டு நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் என்ற இளைஞர், காற்றின் துணையோடு, ஒரு தட்டை 338 மீட்டர் தூரம் எறிந்தார். ஒரு சிறிய மூட்டின் பலத்தால் மட்டும் ஆகக்கூடியதா இது?

தவறான அறிவுரையால் என்ன நட்டம்? சுண்டிச் சுண்டி மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கின்றன. தட்டோ இருபது மீட்டரில் விழுகிறது. "என் கையில் பலம் இல்லை" என்று அந்த மாணவியோ மாணவனோ ஒதுங்கிவிடுகிறார்கள். பலம் குறைவன்று அங்கே குறை. வரிசை பிசகியதே குறை. பலம் வளர ஆண்டுகள் ஆகலாம். வரிசையை இன்றே திருத்தத் தொடங்கலாம்.

தட்டு கிடைத்தால், ஆள் நடமாட்டம் இல்லாத திடலில் முதலில் பாதி வேகத்தில் பத்து முறை எறியுங்கள். மணிக்கட்டை மறந்துவிடுங்கள். தட்டு தள்ளாடுகிறதா, சீராகச் சுழல்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஒரு முறைக்கு ஒரே மாற்றம் செய்து, விளைவைக் குறித்து வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுதானே? விளையாட்டுத் திடலிலும் அந்தப் பழக்கம் வேண்டும்.