பெற்ற பிள்ளை பார்க்கட்டும் என்பவர்களுக்கு

தனியாக இருக்கும் முதியவர்களை அக்கம்பக்கத்தார் முறைபோட்டுக் கவனித்துக்கொள்ளலாம் என்று பேச்செடுத்தால், “பெற்ற பிள்ளை இருக்க, ஊராருக்கு இதில் என்ன வேலை?” என்ற கேள்வி பட்டென்று வந்து விழுகிறது. அதற்குத் துணையாக நிற்கும் வாதங்களையும் சேர்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “அது பிள்ளைகளின் கடமை.”

கடமைதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 முதல் அதைத்தான் சொல்கிறது. கைவிடப்பட்டவர்கள் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக்கொடுத்து மாதாந்திரத் தொகை பெறலாம். ஆனால் தீர்ப்பாயம் பணத்தைத்தான் வாங்கித் தரும். நடுப்பகலில் தலைசுற்றி விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்காது. மாதாமாதம் பணம் அனுப்பி, தினமும் வீடியோ காலில் பேசும் பாசமான மகனாலும் துபாயில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. பிள்ளை பெறாதவர்கள், பெற்றதைப் பறிகொடுத்தவர்கள், மணமாகாமலே மூத்தவர்கள் இந்த வாதத்தின் கணக்கில் வருவதே இல்லை.

2. “பணம் கொடுத்தால் ஆள் கிடைக்கும்.”

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதை நம்பி வாழ்பவர் யாரை வேலைக்கு வைப்பார்? வசதி உள்ளவர் வைத்தாலும், கூலி பேசி முடிக்க முடியாத வேலைகள் மிச்சம் இருக்கின்றன. ரேஷன் கடையில் தேய்ந்த விரல்ரேகை பதியாமல் திரும்பியவருக்கு மாற்று வழி கேட்டுச் சொல்வது, ஆயுள் சான்றிதழுக்காக வங்கிக்கு உடன் போய் வருவது எல்லாம் அரைமணி, ஒருமணி வேலைகள். சம்பள ஆள் அம்மாவை ஒழுங்காக நடத்துகிறாரா என்று கவனிக்கவும் அடுத்த வீட்டுக் கண் ஒன்று வேண்டும்.

3. “பயிற்சி இல்லாதவர்கள் உள்ளே வந்தால் வினைதான்.”

இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குக் கேரளம் செயலில் பதில் சொல்லியிருக்கிறது. 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் கோழிக்கோட்டில் வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார்கள். படுக்கையில் கிடப்பவர்களால் மருத்துவமனைக்கு வர முடியாது என்பது விரைவிலேயே புரிந்தது. மலப்புறம் பகுதியில் ஊர்க்காரர்களையே திரட்டினார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தர முடிந்தவர்களுக்குப் பதினாறு மணி நேர வகுப்பு. பிறகு சிகிச்சைக் குழுவோடு நான்கு நாள் களப்பயிற்சி. ஊசியும் மருந்தும் டாக்டர், நர்ஸ் பொறுப்பு. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், சாப்பாட்டுக்கு என்ன வழி, புண் வந்திருக்கிறதா என்று அறிந்து சொல்வதும், உட்கார்ந்து பேசுவதும் தொண்டர் பொறுப்பு. புற்றுநோயாளிகளுக்கென்று தொடங்கியது, நாளடைவில் பக்கவாதத்திலும் முதுமையிலும் படுத்தவர்கள் வரை விரிந்தது.

நம் தெருவிலும் வரம்பு வகுத்துக்கொள்ளலாம். இருவராகவே போக வேண்டும். ஏடிஎம் அட்டையைத் தொடக் கூடாது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. மாத்திரை அளவை மாற்றச் சொல்லக் கூடாது. குடும்பத்தார் எண்ணும், முதியோர் உதவி எண் 14567உம் கையில் இருக்க வேண்டும்.

4. “தொண்டர்கள் வந்தால் அரசு கைகழுவிவிடும்.”

கேரளத்தில் நடந்தது நேர்மாறு. ஊரார் செய்துகாட்டிய பிறகுதான் 2008இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகள் நர்ஸுகளை அமர்த்தி வீடுகளுக்கு அனுப்பின. நம் மாநிலத்தில் அரசு முதலில் வந்தது: 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வந்த மாத்திரையைப் பாட்டி நேரத்துக்குப் போட்டாரா என்பதை அரசாணையால் பார்க்க முடியாது. எங்கே சேவை எட்டவில்லை என்று பெயரோடும் கதவிலக்கத்தோடும் அதிகாரியிடம் சொல்லக்கூடியவர்களும் இந்தத் தொண்டர்கள்தான். விவரத்தோடு கேட்கும் தெருவை அலட்சியப்படுத்துவது எந்த அலுவலகத்துக்கும் கடினம்.

5. “இன்றைக்கு யாருக்கு நேரம் இருக்கிறது?”

ஜப்பானில் ‘மின்செய்-இன்’ என்ற பெயரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சம்பளமில்லாமல் தம் வட்டாரத்து முதியவர்களையும் நலிந்தவர்களையும் விசாரித்து வருகிறார்கள். 1917இல் ஒகயாமாவில் தொடங்கிய ஏற்பாட்டிலிருந்து வளர்ந்த முறை இது. அவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்களே. நம் ஊரிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்ஸுகள், தபால்காரர்கள் இல்லாத தெரு குறைவு. அறுபத்தைந்து வயதுக்காரர் எண்பத்தைந்து வயதுக்காரரைப் பார்க்கப் போவதற்கு யாருடைய அலுவலக நேரமும் குறுக்கே நிற்காது.

ஆக, பிள்ளையின் கடமையும் அரசின் பொறுப்பும் அப்படியே இருக்கட்டும்; இரண்டும் எட்டாத நேரங்களுக்குத்தான் அக்கம்பக்கம் தேவைப்படுகிறது. அடுத்த கிராம சபையிலோ பகுதி சபையிலோ, தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் ஒன்றை வைத்துத் தீர்மானம் கேளுங்கள். அந்தப் பட்டியலை எடுக்க வீடுவீடாகப் போவதே முதல் தொண்டு.