லயத்து ரொட்டியும் ஊவாத் தேநீரும்

ஒரு நாட்டைக் காணச் செல்லும் பிரயாணி அந்நாட்டு மக்கள் உண்பதை உண்டு, பருகுவதைப் பருகிப் பார்க்கவேண்டும் என்று பயண நூல்கள் ஓதுகின்றன. நல்ல உபதேசந்தான். ஆனால், பதுளைக்கு வரும் பிரயாணி அதனை எங்ஙனம் கைக்கொள்வது? 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டிய நாள் முதலாக, ஊவாவின் மலையழகைக் காண வருவோருக்குக் குறைவில்லை. துரைமார் விட்டுச்சென்ற பங்களாக்களில் அவர்களுக்கு வெள்ளைத்துணி விரித்த மேசையும், கேக்கும், பீங்கான் கோப்பையில் தேநீரும் கிடைக்கின்றன. கடைத்தெருவில் இறங்கினால் கொத்து ரொட்டி. கொழுந்து பறிக்கும் பெண் அன்று விடியலில் எதை உண்டு மலையேறினாள் என்பதை அறியாமலே அவர்கள் ஊர் திரும்புகின்றனர். இக்குறைக்குப் பிரயாணியை மட்டும் நோவதில் நியாயமில்லை என்பது என் துணிபு.

தோட்டத்து உண்டி என்றவுடன் முன்னிற்பது ரொட்டி. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, விறகடுப்பில் காய்ந்த கல்லில் இடுவார்கள். கடையில் வீசியெடுக்கும் மெல்லிய ரொட்டியன்று இது, தடித்தது. ஆங்காங்கே கருகிப் புள்ளி விழுந்தால்தான் மணம் எழும். தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல்: செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும், கைக்கு எட்டினால் ஒரு துண்டு மாசியும் அம்மியில் வைத்து இடித்தரைத்து, தேசிக்காய் பிழிந்துவிட்டது. முதல் வாயில் கண்ணீர் வரும். இரண்டாம் வாயைத் தடுக்க அக்கண்ணீரால் ஆகாது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சென்ற ஆண்டு ஒரு வீட்டிற்குப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் வீட்டு அம்மையார் சோடாவும் பிஸ்கட்டும் வாங்கிவரச் சிறுவனைக் கடைக்கு ஏவினார். அடுப்பில் ரொட்டி மணக்கிறதே என்றேன். "அது நாங்க திங்கிறது மாஸ்டர், ஒங்களுக்குச் சரிப்படாது" என்றார். வற்புறுத்தியே இரண்டு ரொட்டி பெற்றேன். விருந்தோம்பலில் குறை வைக்காத ஒரு குலம், தன் அடுப்பிலுள்ளதை விருந்தினன் முன் வைக்கக் கூசுகிறது. இக்கூச்சத்தை நாம் ஊட்டினோமா, பிறர் ஊட்டினரா?

ரொட்டியைப் பரம்பரை உணவென்று புகழப் புறப்படுவோருக்கும் ஒரு சொல். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் கோதுமை உண்டு வளர்ந்தவர் அல்லர். தோட்டம் அவர்களுக்கு அரிசி கொடுத்தது; சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, பங்கீட்டு மாவு அவ்விடத்தை நிரப்பிற்று. 1974ஐ ஒட்டிய பஞ்சத்திலோ அந்த மாவும் கிட்டாமல் தோட்டங்களில் மக்கள் மாண்டனர். 2022இன் நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்கு ஏறியபோதும் முதலில் மெலிந்தது லயத்து ரொட்டிதான். இவ்வரலாற்றை மறைத்துவிட்டுச் சுவையை மட்டும் பாடுவது எனக்கு உடன்பாடன்று.

ஆயினும் வறுமையிற் பிறந்த உணவு என்பதற்காக வெட்கப்பட வேண்டுமா? போலந்து நாட்டில் ரை என்னும் தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் ஜூரெக் என்றொரு சூப் உண்டு. ஏறக்குறைய நம் புளித்த கூழின் உறவினன். குடியானவர் நோன்புக்காலத்தில் குடித்துக் கழித்த அதனை, இன்று அந்நாட்டார் வருவோருக்குப் பெருமையோடு படைக்கின்றனர்.

இனித் தேநீர். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்த்தபின், வறண்ட காற்றாக மலைகடந்து ஊவாவில் வீசுகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் அக்காற்றில் வாடும் கொழுந்துக்குப் புதினாவை நினைவூட்டும் ஒரு நறுமணம் ஏறும்; கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு. அத்தேயிலை கடல் கடந்து போகும். லயத்தில் கொதிப்பது பெரும்பாலும் தூள். சாயம் கறுக்க இறங்கி, சீனி தூக்கலாக இருக்கும் அத்தேத்தண்ணியை, மார்கழிக் குளிரில் ரொட்டியோடு குடித்தவர் பங்களாக் கோப்பையைப் பெரிதாக எண்ணார். (உணவோடு சேர்த்துப் பருகினால் உடலில் இரும்புச்சத்துச் சேர்வதைத் தேயிலை தடுக்கும் என்பர் மருத்துவர். தோட்டப் பெண்களிடையே இரத்தசோகை மலிந்திருக்கையில் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ரொட்டியோடு ஒரு பிடி வல்லாரைச் சம்பல் இருக்கட்டும். தேத்தண்ணி சற்றுப் பொறுத்து வரட்டும்.)

அப்புத்தளைக்கு அருகே, லிப்டன் 1890இல் வாங்கிய தம்பேதன்னத் தோட்டத்தின் உச்சிக்கு, அவர் அமர்ந்து பார்த்த இடம் என்று சொல்லி வெளிநாட்டார் ஏறுகின்றனர். இத்தகைய மலைப்பாதைகளிலுள்ள லயங்களின் வாசலில் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் விலைக்கு வைத்தால், பிரயாணி தேடிவந்த சுவை அவனுக்குக் கிட்டும். காசும் அதைச் சுட்ட கைக்கே சேரும். தடை யாதெனில், தலைமுறைகளாகக் குடியிருந்தும் லயமும் அதன் வாசலும் பெரும்பாலோருக்குச் சொந்தமாகவில்லை. ஒரு பெட்டிக்கடை போடவும் நிர்வாகத்தின் முகம் பார்க்கவேண்டும். வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி கேட்டு மேடையேறுவோர், இந்த அடுப்படி வாசலையும் தம் கோரிக்கையிற் சேர்த்துக்கொள்ளட்டும். ஆசிரியர்களோ அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாடசாலை விழாவுக்கு வரும் அதிதிக்கு அடுத்த முறை கேக்குக்குப் பதிலாக ரொட்டியை வைக்கலாம். மாணவர் தத்தம் பாட்டியரிடம் கேட்டு அதன் பக்குவத்தை எழுதிவரலாம்.