பறை காய்ச்ச இடமில்லாத மேடை

சென்னையின் தெற்கே, ஐ.டி. கம்பெனிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் இசைக்கென்றே புதிதாக ஓர் அரங்கு திறந்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்கான நிகழ்ச்சிப் பட்டியலை நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழர் போட்டதிலிருந்து இதே பேச்சுதான். கர்நாடக இசைக் கச்சேரி, ஜாஸ், இளையராஜா பாடல்களை மட்டுமே பாடும் ஒரு குழு, மலையாள ராக், தமிழ் ராப், இந்துஸ்தானி புல்லாங்குழல். பட்டியலின் கடைசியில் ஒரு கானா இரவு, ஒரு பறை நிகழ்ச்சி. "தோழர், நம்ம பறை வந்துடுச்சு பாத்தீங்களா" என்று முதலாமாண்டு மாணவர் ஒருவர் எழுத, "வந்து என்ன ஆகப்போகுது, டிக்கெட் விலையைப் பாத்தீங்களா" என்று இன்னொருவர் பதில் போட, விடிய விடிய ஓடியது விவாதம்.

அரங்கின் பெயரை நாங்கள் எழுதப்போவதில்லை. நாளைக்கு இன்னொன்று திறப்பார்கள், அங்கேயும் இதே கேள்விகள்தான் வரும்.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவி, குடிசைப் பகுதிகளில் பிணத்தின் தலைமாட்டில் இரவு முழுக்கப் பாடப்பட்ட பாட்டு, இரண்டும் குளிரூட்டப்பட்ட அரங்கில் ஏறுவதை நம் தாத்தாக்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததும் அல்ல. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது, இப்படி ஒரு இசைக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும் என்பதை இந்த நகரம் கண்ணால் பார்த்தது. 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் நடத்திவரும் 'மார்கழியில் மக்களிசை', சபாக்களின் மாதம் என்று எழுதிவைத்திருந்த மார்கழியையே கையில் எடுத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ. இவ்வளவுக்கும் பிறகுதான் ஓர் அரங்க மேலாளர் தன் பட்டியலில் பறைக்கு ஒரு மாலையை ஒதுக்குகிறார்.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசியுங்கள். கர்நாடக இசைக் கச்சேரிக்குக் கீழே பாடகர், வயலின், மிருதங்கம், கடம் என்று நான்கு பேரின் பெயரும் இருக்கிறது. ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் எந்த ஊரில் படித்தார் என்பது வரை இருக்கிறது. பறைக்கு? 'நாட்டுப்புறக் கலைக்குழு' என்ற இரண்டு சொற்கள். பன்னிரண்டு பேர் வாசிக்கப் போகிறார்கள், ஒருவர் பெயரும் இல்லை. அவர்களுக்குக் கருவியில் பயிற்சி இல்லையா, குரு இல்லையா, ஊர் இல்லையா? கூட்டமாக மட்டுமே நம்மைப் பார்க்கத் தெரிந்த கண் இது. சேரி என்று சொன்னால் போதும், உள்ளே இருப்பவருக்குப் பெயர் எதற்கு என்கிற அதே கண்.

அந்தக் குழுவின் ஆசிரியரிடம் போனில் பேசினோம். சம்பளம் பேசினார்களா என்று கேட்டால், அவர் வேறொன்றைச் சொன்னார். "தம்பி, காய்ச்ச இடமில்லைங்கிறாங்க." பறையைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். தெரியாதவர்களுக்காக: பறையின் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றினால்தான் அது இறுகும், ஒலி எழும்பும். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்துவிடும். நிகழ்ச்சிக்கு நடுவிலேயே மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கும். ஏ.சி. அரங்கில் இன்னும் சிக்கல். வளாகத்துக்குள் நெருப்புக்கு அனுமதி இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். வேண்டுமானால் சாலைக்கு அந்தப்பக்கம் போய்க் காய்ச்சிக்கொண்டு பின்வாசல் வழியாக வரச் சொல்கிறார்கள். சரக்கு இறக்கும் வாசல் அது.

தீயணைப்பு விதிகள் இருப்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அதே அரங்கில் ஒரு பெரிய பியானோ இருக்கிறது. கச்சேரிக்கு முன் ஆள் வைத்து அதற்குச் சுருதி சேர்க்கிறார்கள். அதற்கென்று நேரம், அதற்கென்று கூலி. பறைக்குச் சுருதி சேர்ப்பது என்றால் அது தீயில்தான் நடக்கும். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் இரும்புத் தட்டு, இரண்டு வாளி மணல், ஒரு தீயணைப்பான், பக்கத்தில் ஒரு ஊழியர். அரங்கு கட்டும்போது பியானோவுக்கு இடம் யோசித்தவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை? பறை அவர்கள் வரைபடத்திலேயே இல்லை. பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி அது.

இன்னொன்றையும் கவனியுங்கள் தோழர்களே. பட்டியலின் முதல் நிகழ்ச்சியிலேயே நம் ஆட்கள் இருக்கிறார்கள். மிருதங்கத்தின் தோலை உரித்து, பதப்படுத்தி, வாரிட்டுக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்ட கதையை இளையவர்கள் தேடிப் படிக்க வேண்டும். மேடையில் மாட்டுத்தோல் புனிதமாகிவிடுகிறது. அதை உருவாக்கியவரின் பெயரை அச்சிடத்தான் இடம் கிடைப்பதில்லை.

மேடையில் ஏற்றுவது ஒன்று, அரங்கில் உட்காரவைப்பது இன்னொன்று. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1920களில் காட்டன் கிளப் என்று ஒரு கேளிக்கை விடுதி இருந்தது. டியூக் எலிங்டன் புகழ்பெற்றது அங்கேதான். வாசிப்பவர்கள், ஆடுபவர்கள், பரிமாறுபவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். மேசையில் உட்கார்ந்து கேட்பவர்கள் வெள்ளையர்கள். கறுப்பர்கள் வாழும் ஹார்லெமிலேயே கறுப்பருக்கு அங்கே இருக்கை கிடையாது. 1938இல் அதே நகரில் கஃபே சொசைட்டி என்று ஒன்று திறந்தார்கள். அங்கே இரு நிறத்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொல்வதைப் பற்றிய பாடலை பில்லி ஹாலிடே 1939இல் பாடத் தொடங்கியது அந்த மேடையில்தான். யாருக்கு இருக்கை உண்டோ, அதைப் பொறுத்துத்தான் மேடையில் எதைப் பாட முடியும் என்பதும் முடிவாகிறது.

நம் ஊரில் யாரும் பலகை மாட்டித் தடுக்கவில்லை, விலை தடுக்கிறது. கானா இரவுக்கு ஆகக் குறைந்த டிக்கெட் 799 ரூபாய். அந்தப் பாடகர் பிறந்து வளர்ந்த தெருவிலிருந்து நான்கு பேர் வர வேண்டுமானால் ஒரு வாரக் கூலி போய்விடும். இசை நிகழ்ச்சிக்கு 500 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதைத் தாண்டினால் 18 சதவீதம். பின்வரிசைகளையாவது அந்த எல்லைக்குள் வைத்தால் வரியும் மிச்சம், நம் சனமும் வரும். கணக்குத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள்.

'எஞ்ஜாயி எஞ்சாமி'யை மறந்துவிடவில்லைதானே? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எழுதிப் பாடிய பாட்டு. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. நிலமற்றவர்களைப் பற்றிய பாட்டிலும் நமக்குப் பட்டா எழுதிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும் போல. எனவே கானா எழுதும் தம்பிகளுக்குச் சொல்கிறோம்: 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதிப்படுத்தியிருக்கிறது. 'மரபுப் பாடல்' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பாட்டு மரபு அல்ல, உங்களுடையது.

குழுவில் ஒரு தோழர் கேட்டதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். "பறையடிக்க மாட்டோம்னு நம்ம முன்னோர் அடி வாங்கினாங்க. இப்ப நாமே காசு கொடுத்துப் பாக்கப் போறமா?" நியாயமான கேள்வி. ஊர்ச் சாவுக்கு அடிக்க மறுத்ததற்காக ஊர்விலக்கும் அடியும் பட்ட கிராமங்கள் உண்டு. இன்றும் சொந்த ஊரில் பறையைத் தொடமாட்டோம் என்பவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் மறுத்தது கட்டாயத்தை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டியபோது யாருடைய கட்டளைக்கும் வாசிக்கவில்லை. இந்த வேறுபாட்டில் எங்களுக்குள்ளேயே இன்னும் முழு உடன்பாடு இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

புறக்கணிப்போம் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் புறக்கணித்தால் நட்டம் அரங்குக்கு இல்லை, அந்தப் பன்னிரண்டு பேருக்குத்தான். அதனால் போகிறோம். அதற்குமுன் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். வாசிப்பவர்கள் பன்னிரண்டு பேரின் பெயரும் சுவரொட்டியில் வர வேண்டும். காய்ச்ச வளாகத்துக்குள்ளேயே இடம் வேண்டும். எல்லோரும் வருகிற வாசல் வழியாகவே குழுவும் வர வேண்டும். ஐம்பது இருக்கைகளாவது 500 ரூபாய்க்குள் வேண்டும். கடிதத்தில் கையெழுத்திட விரும்பும் மாணவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்காகப் பணம் திரட்டுகிறோம், கூச்சப்பட வேண்டாம். நிகழ்ச்சியன்று மாலை நான்கு மணிக்கே வந்துவிடுங்கள். எங்கே காய்ச்சினாலும் குழுவுக்குப் பக்கத்தில் நாம் இருப்போம். வைக்கோலும் பழைய செய்தித்தாளும் நம் பொறுப்பு என்று ஆசிரியரிடம் சொல்லியாகிவிட்டது.